நாட்டாமியின் தோளும் ஒரு பூச்சியமும்

வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்குச் செல்லும் நாட்களில், புறக்கோட்டையில் இறங்கி நான்காம் குறுக்குத்தெரு வழியாகச் சற்று நடப்பது என் நெடுநாள் வழக்கம். லொறிகளுக்கும் மொத்தக் கடைகளுக்கும் இடையே அரிசி மூட்டைகளை முதுகில் சுமந்து ஓட்டமும் நடையுமாகச் செல்லும் நாட்டாமிகளைக் காணும்போதெல்லாம் பள்ளிப் பருவத்துப் பௌதிகப் பாடம் ஒன்று நினைவுக்கு வரும். மூட்டையைத் தாங்கிக்கொண்டு சமதரையில் சீராக எவ்வளவு தூரம் நடந்தாலும், தாங்கும் விசை செய்த வேலை பூச்சியம் என்றார் ஆசிரியர். கலைத்துறை மாணவனாகப் பின்னர் மாறிவிட்ட எனக்கு அது அன்று பெரும் அநியாயமாகவே பட்டது.

கணக்கு எளிமையானது. விசை, இடப்பெயர்ச்சி, அவற்றுக்கு இடையிலான கோணத்தின் கோசைன் ஆகிய மூன்றையும் பெருக்கினால் வருவதே வேலை. 50 கிலோகிராம் மூட்டையைத் தாங்க ஏறத்தாழ 490 நியூற்றன் விசை மேல்நோக்கி வேண்டும். நடப்பதோ கிடையாக. கோணம் 90 பாகை. அதன் கோசைன் பூச்சியம். அதே மூட்டையுடன் 30 பாகை சரிந்த பலகையில் 4 மீற்றர் ஏறினால் கோணம் 60 பாகையாகிறது; கோசைன் 0.5, வேலை 980 யூல்.

அப்படியானால் சமதரையில் நடந்தவனுக்கு ஏன் வியர்க்கிறது? சுமையை அசையாது தாங்கினாலும் தசைநார்கள் ஓயாது இழுத்தும் தளர்ந்தும் இயங்குகின்றன. உண்ட உணவின் சக்தி செலவாகி வெப்பமாகிறது. சூத்திரம் மூட்டைக்கு என்ன சேர்ந்தது என்று மட்டுமே கேட்கிறது. சுமந்தவன் இழந்ததை அது கேட்பதில்லை. 'வேலை' என்ற சொல்லுக்கு இப்பொருளை 1829இல் வெளியான தமது நூலில் நிலைநிறுத்திய பிரெஞ்சுக்காரர் கொரியோலிசு, இயந்திரங்களின் பயனை அளக்கவே அதனைக் கையாண்டார்.

கொழும்புத் துறைமுகம் அத்தகைய உழைப்பின் மீதே வளர்ந்தது. 1875இல் அலைதடுப்புச் சுவருக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. பின்னர் இது கீழைத்தேயக் கப்பல்கள் நிலக்கரி நிரப்பும் பெருந்துறையாயிற்று. கரியையும் மூட்டைகளையும் சுமந்தோரில் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழரும் மலையாளிகளும் பலர். 1927இல் ஏ. ஈ. குணசிங்க தலைமையில் துறைமுகத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். மூட்டைகள் கிடந்த இடத்திலேயே கிடந்தபோதுதான், கணக்கில் வராத அந்த உழைப்பின் பெறுமதி முதலாளிமாருக்குப் புரிந்தது.

ஆயினும் அந்த ஒற்றுமை நீடிக்கவில்லை. 1930களில் அதே குணசிங்க மலையாளத் தொழிலாளருக்கு எதிராகத் திரும்பினார். 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளித் தமிழரில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவராக்கிற்று. தோட்டங்களில் கொழுந்துக் கூடை சுமந்தவர்களும் அதில் அடங்குவர். எஞ்சியிருந்தோருக்குப் பிரசாவுரிமை வழங்க 2003இல் இன்னொரு சட்டம் வேண்டியிருந்தது.

என் ஆசிரியர் மீது இப்போது எனக்குக் கோபமில்லை. அவர் சொன்ன பூச்சியம் மூட்டையின் கணக்கு, அது பிழையன்று. சுமந்த மனிதனின் பெயருக்கு எதிரே அதே பூச்சியத்தை எழுதியது பௌதிகம் அல்ல.