முடக்குவாதத்தில் வெள்ளணுக்களின் வளர்சிதை மாற்றம்

முடக்குவாதம் (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்), நோய் எதிர்ப்பு அமைப்பு தன் உடலின் மூட்டுச் சவ்வுகளையே தாக்கும் நாள்பட்ட நோய். ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு, மூன்று மடங்கு அதிகமாக வருகிறது. தாக்கும் வெள்ளணுக்கள் குளுக்கோஸைப் பயன்படுத்தும் முறையே இந்நோயில் மாறிவிடுகிறது.

வெள்ளணுக்களில் ஒரு வகையான டி செல், தூண்டப்பட்டதும் பெருகுவதற்காகக் குளுக்கோஸை விரைவாகச் சிதைத்து ஏடிபி என்னும் ஆற்றல் மூலக்கூறைப் பெறுவது வழக்கம். முடக்குவாத நோயாளிகளின் டி செல்களிலும் இதுவே மிகுதியாக நடக்கும் என்றுதான் எவரும் நினைப்பர். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கார்னீலியா வெயண்ட் குழுவினர் 2013இல் வெளியிட்ட ஆய்வு நேர்மாறானதைக் காட்டியது. குளுக்கோஸ் சிதைவை முடுக்கும் பிஎஃப்கேஎஃப்பி3 என்ற நொதி அவற்றில் குறைவு. அதனால் குளுக்கோஸ், பென்டோஸ் பாஸ்பேட் பாதை என்ற மாற்று வழிக்குத் திரும்புகிறது. ஏடிபி குறைகிறது, ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் என்ஏடிபிஎச் பெருகுகிறது. செல்லுக்குள் வினைத்திறன் மிக்க ஆக்சிஜன் மூலக்கூறுகள் அளவுக்கு மீறிக் குறைந்துபோகின்றன. செல் பிரிதலை நிதானப்படுத்தும் ஏடிஎம் என்ற புரதம் விழித்தெழ அம்மூலக்கூறுகள் தேவை. அது செயல்படாததால் டி செல்கள் கட்டுப்பாடின்றிப் பெருகி, அழற்சியை வளர்க்கும் வகைகளாக மாறுகின்றன. ஆக்சிஜனேற்றத் தடுப்பு எப்போதும் நன்மையே என்ற பரவலான நம்பிக்கை இங்கே பொருந்தாது.

மற்றொரு வகை வெள்ளணுக்களான மேக்ரோஃபேஜ்களின் போக்கு வேறு. அவை குளுக்கோஸைத் தீவிரமாகச் சிதைக்கின்றன. மூட்டுத் திரவத்தில் சேரும் சக்சினேட் என்ற வளர்சிதைப் பொருள் அவற்றைத் தூண்டி, அழற்சியை வளர்க்கும் இன்டர்லியூக்கின்-1 பீட்டாவைச் சுரக்க வைக்கிறது. வீங்கிய மூட்டில் ஆக்சிஜன் குறைவு, குளுக்கோஸ் சிதைவில் உண்டாகும் லாக்டேட் மிகுதி. அந்த லாக்டேட்டை உள்வாங்கும் டி செல்கள் இடம்பெயரும் திறனை இழந்து மூட்டிலேயே தங்கிவிடுகின்றன. அழற்சி எளிதில் அடங்காததற்கு இது முக்கியக் காரணங்களுள் ஒன்று.

இந்த அறிவு பிறக்கும் முன்பே, வெள்ளணுக்களின் வளர்சிதை மாற்றத்தில் தலையிடும் மருந்துகள் பயன்பாட்டுக்கு வந்துவிட்டன. லெஃப்ளுனோமைடு, மைட்டோகாண்ட்ரியாவிலுள்ள ஒரு நொதியைத் தடுத்து, பிரியும் செல்லுக்கு வேண்டிய பிரிமிடின் உற்பத்தியைக் குறைக்கிறது. முதல்நிலை மருந்தான மெத்தோட்ரெக்சேட் ஃபோலேட் பாதையில் குறுக்கிட்டு, அழற்சியைத் தணிக்கும் அடினோசினைக் கூட்டுகிறது. முடக்குவாதத்துக்கு இது வாரத்தில் ஒரு நாள் மட்டுமே தரப்படும். தவறுதலாகத் தினமும் உட்கொண்டால் எலும்பு மஜ்ஜை பாதிக்கப்பட்டு உயிருக்கே ஆபத்து நேரலாம்; ஆகவே மருந்துச் சீட்டில் குறித்த கிழமையை நோயாளியும் குடும்பத்தினரும் உறுதிசெய்துகொள்ள வேண்டும்.