பாணித வணிகன் நெடுமலன்: பழைய மதுரை அங்காடியைப் பற்றி ஒரு மறுவாசிப்பு

தமிழகத்தின் முதல் நகரங்கள் கடல் வணிகத்தின் உந்துதலால் எழுந்தவை, உள்நாட்டு உற்பத்தி வளர்ந்து தானாகப் பிறந்தவை அல்ல என்பது வரலாற்றாசிரியர் ஆர். சம்பகலட்சுமியின் புகழ்பெற்ற முடிவு. மதுரைக்குக் கொற்கை, உறையூருக்குப் புகார், வஞ்சிக்கு முசிறி என்று அரசிருக்கையையும் துறைமுகத்தையும் அவர் இணைகளாகக் காண்கிறார். முசிறிக்கும் புகாருக்கும் இவ்விளக்கம் முற்றும் பொருந்தும். மதுரையையும் அதே சட்டத்துள் அடைக்கும்போதுதான் இடறுகிறது. மிளகும் முத்தும் கண்ணை நிறைத்துவிட்டதால் உப்பும் ஏர்க்கொழுவும் விற்றவர்கள் அவர் கணக்கில் பின்னுக்குத் தள்ளப்பட்டார்கள் என்பது என் கருத்து.

மதுரைக்கு அருகே கிடாரிப்பட்டியை ஒட்டிய அழகர்மலைச் சமணக் குகைத்தளத்தில் கொடையாளர் பெயர்கள் தமிழ்பிராமியில் வெட்டப்பட்டுள்ளன. உப்பு வணிகன், அறுவை (துணி) வணிகன், கொழு வணிகன் ஆகியோருடன் 'பணித வணிகன் நெடுமலன்' என ஒருவனும் வருகிறான். தமிழ்பிராமியின் பழைய எழுத்துமுறையில் அகரத்துக்கும் ஆகாரத்துக்கும் ஒரே கோடுதான். எனவே பணிதமா பாணிதமா என்பதை வாசிப்பவரே முடிவுசெய்ய வேண்டியிருக்கிறது. உடன் வருவோரின் அடைமொழிகள் சரக்கின் பெயர்களாகவே இருப்பதால் இதனையும் அவ்வாறே கொண்டு, பாணிதம், அதாவது காய்ச்சிய கரும்புப் பாகு எனப் படிப்பதே பொருத்தம்.

பாணிதம் பிராகிருதச் சொல்லாயிற்றே, அது வெளித்தொடர்புக்குச் சான்றாகாதா என்று கேட்கலாம். சொல் வடக்கிலிருந்து வந்ததென்றால் பாகும் அங்கிருந்தே வந்தது என்றாகிவிடாது. சமணப் பள்ளிக்குக் கொடுத்தவன் அப்பள்ளியில் வழங்கிய மொழியால் தன் தொழிலைக் குறித்திருக்கலாம். பெரும்பாணாற்றுப்படை, கரும்பு ஆலைகளில் எந்திரம் ஒலிப்பதையும் புகை சூழப் பாகு காய்ச்சுவதையும் காட்டுகிறது. அங்கே பாகுக்கு வழங்கும் சொல் 'விசயம்'. மதுரைக்காஞ்சியில், இரவு முதிர்ந்த மதுரைத் தெருவில் மெல்லடையும் மோதகமும் விற்றுக் களைத்த கூவியர் உறங்கும் இடத்திலும் அதே 'விசயம்' வருகிறது. அங்கே தேனடை போன்றது அடை. உள்ளீட்டோடு பிடித்தது மோதகம். ஆலைப் பாகு தெருத் தின்பண்டமாக மாறும் வழியை ஒரு சொல்லே இணைத்துக் காட்டுகிறது. அந்த வழியின் நடுவில் நிற்கவேண்டிய ஆள் நெடுமலனைப் போன்றவன்தான்.

இவ்வாதத்தின் மெலிந்த இடம் காலம். அழகர்மலைக் கல்வெட்டுகளைக் கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் கி.மு. முதல் நூற்றாண்டில் வைக்கிறார். மதுரைக்காஞ்சியைப் பலரும் அதற்குப் பிந்தியதாகவே கொள்வர். இடைவெளி ஒரு நூற்றாண்டா மூன்றா என்பது இன்னும் தீரவில்லை. ஆகவே நெடுமலனின் பாகுதான் கூவியர் சட்டிக்குப் போனது என்று சொல்ல மாட்டேன். அதே குகைத்தளத்தில் மதுரைப் பொற்கொல்லன் ஒருவனும் கொடையாளனாக நிற்கிறான் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. செல்வர் நுகர்வும் அந்நகரில் இருந்தது.

ஆனால் கொழு வணிகனை என்ன செய்வது? ஏர்க்கொழு யவனர் கேட்டு வாங்கும் பொருளன்று. அதை வாங்குபவர் உழவர். விளைச்சலை விற்க அங்காடிக்கு வந்தவர், திரும்பும்போது கொழுவும் உப்பும் துணியும் பாகும் கொண்டுபோயிருப்பார். கொற்கை முத்து ஒன்றுகூட விலைபோகாத நாளிலும் இந்தக் கடைகள் திறந்திருக்கும். மதுரை அங்காடியின் அடித்தளம் வைகைக் கரை ஊர்கள். கடல் வணிகம் அதன்மேல் வந்து சேர்ந்தது.