நல்லூரும் தமிழ் அச்செழுத்தும்

நல்லூர்க் கந்தசுவாமி கோயில் மகோற்சவ அறிவித்தலிலும், மணவோலையிலும், அந்தியேட்டி நாளில் வழங்கப்பெறும் கல்வெட்டிலும் நாம் நாடோறுங் காணும் எழுத்து வடிவம், பண்டை ஏட்டெழுத்தாளர் அறிந்த வடிவமன்று. அஃது அச்சுக்கூடம் நமக்குத் தந்ததாகும்.

ஓலையிலே புள்ளி குத்தின் ஏடு பொத்துப்போம் ஆதலின், எழுதுவோர் பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளியிட்டிலர். எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் வேறுபாடின்றி நின்றன; ரகரமும் காலும் ஒத்திருந்தன. பொருளறிந்த பின்னரே எழுத்தறிதல் கூடிற்று. 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் குறில் நெடில் வேறுபாட்டுக்கு வடிவம் வகுத்தாராயினும், அவ்வரையறையை ஊர்தோறும் நிலைநிறுத்தியது ஈய எழுத்தே.

தமிழெழுத்திற் பதித்த தம்பிரான் வணக்கம் 1578இற் கொல்லத்தில் வெளிவந்தது. 1713இல் தரங்கம்பாடியில் அச்சுவேலை தொடங்கிற்று. ஜெர்மனியிலிருந்து வந்த எழுத்துக்கள் பருத்து, அரிதாகக் கிடைத்த கடதாசியை விழுங்கவே, அங்கே சிறிய எழுத்துக்கள் வார்க்கப்பட்டன. எழுத்தின் உருவைக் கடதாசியின் விலையும் நிருணயித்தது என்க.

1820இல் அமெரிக்க மிஷனுக்கு வந்த அச்சாளரை இலங்கையில் தங்க ஆட்சியாளர் அனுமதித்திலர். எனவே அம்மிஷனின் அச்சுப்பொறி நல்லூரில் வதிந்த யோசேப்பு நைற் பாதிரியாரிடஞ் சேர்ந்தது. 1834இல் மைனர் என்னும் அச்சாளர் வந்தபின் மானிப்பாயில் அச்சுவேலை பெருகிற்று. 1841இல் உதயதாரகையும், 1842இல் மானிப்பாய் அகராதியும் வெளிவந்தன.

அந்நல்லூரிலே 1822இல் தோன்றிய ஆறுமுக நாவலர் அச்சின் வலிமையை நன்குணர்ந்தார். 1849இற் சென்னை சென்று அச்சுப்பொறி வாங்கி வந்து, வண்ணார்பண்ணையில் வித்தியாநுபாலன யந்திரசாலையை நிறுவினார். காற்புள்ளி முதலிய குறியீடுகளோடு அவர் பதிப்பித்த பாலபாடங்கள் சைவப் பிள்ளைகளின் கைகளை அடைந்தன. கண்டனம் இருபாலும் எழுந்ததாயினும், இரு திறத்தார் நூலும் ஒத்த வடிவெழுத்திலேயே உலாவின. கொள்கை இரண்டாயினும் கண்ணின் பழக்கம் ஒன்றாயிற்று.

பழக்கம் மாறவும் வல்லது. 1978இல் தமிழ்நாட்டரசு 13 எழுத்துக்களின் உருவை மாற்றியது. அம்மாற்றம் காலப்போக்கில் ஈழத்து அச்சிலும் பரவிற்று. நாவலர் பதிப்பைக் கையிலெடுக்கும் இக்கால மாணாக்கன் பழைய ணை, னா வடிவங்களிற் சற்றுத் தயங்குகிறான். ஏட்டின்முன் முற்றும் தயங்குகிறான்.

1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகத்தோடு அரிய ஏடுகளும் எரியுண்டன. எஞ்சிய ஏடுகளை வாசிக்க வல்லாரும் இலராயின், எரியாதனவும் எரிந்தனவேயாம். அச்செழுத்துக்குப் பழகிய கண்ணுக்கு ஏட்டெழுத்தையும் பழக்குதல் கல்லூரிகளின் கடனாகும்.