இரண்டு கடல்கள், இரண்டு மரக்கலங்கள்

திண்டுக்கல் சமவெளியில் கடல் இல்லை. ஆயினும் இம்மண்ணில் விழும் மழைநீர் இருவேறு கடற்பரப்புகளை நாடிச் செல்கிறது. பழனிமலையின் கீழ்ச்சரிவில் பிறக்கும் குடகனாறு, ஆத்தூர், திண்டுக்கல், வேடசந்தூர்ப் பகுதிகளைக் கடந்து வடக்கே ஓடி அமராவதியில் கலக்கிறது. பின்னர்க் காவிரியாகிப் பூம்புகாரை நோக்குகிறது. வத்தலக்குண்டு வழியே வரும் மஞ்சளாறோ வைகையில் சேர்கிறது. வைகையில் மிஞ்சும் வெள்ளம் இராமநாதபுரம் பெரிய கண்மாயைத் தாண்டிப் பாக்கு விரிகுடாவில் விழுகிறது. நம் ஊர் நீர் சென்று சேரும் இவ்விரு கரைகளிலும் மீனவர் ஏறிய மரக்கலங்கள் ஒரே வகையின அல்ல. அதன் காரணத்தை ஆராய்ந்தால், கடலோர வரலாற்றின் ஒரு முக்கியமான பக்கம் நமக்குத் திறக்கும்.

முதலில் காவிரிக் கரையைப் பார்ப்போம். கோடியக்கரைக்கு வடக்கே, நாகப்பட்டினம் தொடங்கிச் சென்னைக்கு அப்பாலும் நீளும் சோழமண்டலக் கரை, வங்கக் கடலுக்கு நேர்முகமாகத் திறந்து கிடப்பது. அங்கே அலை கரையிலேயே உடைந்து விழும். உள்ளீடற்ற படகு அவ்வலையில் நீர் நிரம்பிக் கவிழும். எனவே அக்கரை மக்கள், நீர் நிரம்புவதற்கே இடமில்லாத கலத்தை உருவாக்கினர். எடை குறைந்த சில மரங்களைச் செதுக்கிக் கயிற்றால் பிணைத்தால் கட்டுமரம். மேலே ஏறிய அலை, மரங்களின் இடுக்கு வழியே இறங்கிவிடும். கரை திரும்பியதும் கட்டவிழ்த்து மரங்களை மணலில் உலர்த்துவர். அம்மரங்கள் கடற்கரையில் விளைந்தவையும் அல்ல. மேற்குமலைக் காடுகளிலிருந்து வந்தவை.

ஆங்கிலேய மாலுமி வில்லியம் டாம்பியர் 1697-இல் வெளியிட்ட தம் பயண நூலில் இக்கலத்தைப் பெயருடன் குறித்தார். சொல் கப்பலேறியது. 1876-இல் அமெரிக்கரான நதானியல் ஹெர்ரஷாஃப் கட்டிய 'அமரில்லிஸ்' என்ற இரட்டை உடற் படகு போட்டியில் வென்றபின், அவ்வகைப் படகுகளுக்கெல்லாம் 'கேட்டமரான்' என்ற பெயர் நிலைத்தது. நம் கட்டுமரத்திற்கு உடல் ஒன்றுகூட இல்லை என்பதை எண்ணினால், சொல்லின் பயணம் வியப்பளிக்கிறது.

இனி வைகைக் கரைக்கு வருவோம். பாக்கு விரிகுடாவின் பெயரில் உள்ளது நாம் மெல்லும் பாக்கன்று. 1763 முதல் 1767 வரை சென்னை ஆளுநராயிருந்த ராபர்ட் பாக் என்பவரின் பெயரே அது. கிழக்கே இலங்கையும் தெற்கே இராமேசுவரம் தீவும் மணல்திட்டுகளும் அரணாக நிற்பதால், இக்கடல் ஆழமின்றி அடங்கிக் கிடக்கிறது. பெரும்பகுதி 15 மீட்டருக்கு உட்பட்டதே. இராமேசுவரத்து மீனவர் இதனைப் பெண் கடல் என்றும், தெற்கேயுள்ள மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்றும் வழங்குவர்.

இந்நீரில் கட்டுமரம் முதன்மை பெறவில்லை. தட்டையான அடியுடைய வத்தையும் வள்ளமுமே இதற்கேற்ற கலங்கள். அன்றைய சென்னை மாகாண மீன்துறையின் இயக்குநராயிருந்த ஜேம்ஸ் ஹார்னெல், இந்தியப் படகு வடிவங்களைக் குறித்து 1920-இல் வெளியிட்ட ஆய்வில் இவ்வேறுபாடுகளை விரிவாகப் பதிந்துள்ளார். இக்கடலின் பாய்மர வத்தைகளில் குறுக்கே நீண்ட பலகையொன்று கிடக்கும். காற்று ஒருபுறம் சாய்க்கும்போது ஆட்கள் அப்பலகையின் மறுமுனைக்கு நகர்ந்து தம் உடல் எடையாலேயே படகை நிமிர்த்துவர். ஆழமற்ற நீரில் நீண்ட அடிக்கட்டைக்கு இடமில்லை. அதன் வேலையை மனித உடல் செய்தது.

இன்று உலகெங்கும் காற்றடங்கிய விரிகுடாக்களில் ஒற்றையாள் கயாக்கில் அமர்ந்து தூண்டிலிடுவது பொழுதுபோக்காகியுள்ளது. அந்தக் கயாக்கும் வடதுருவப் பகுதி இனூயிட் மக்கள் சட்டத்தின்மேல் சீல் தோலைப் போர்த்திச் செய்த வேட்டைக் கலமே. எங்கும் நீரின் இயல்பும் கைக்கெட்டிய பொருளுமே கலத்தின் வடிவை வகுத்தன.

அடங்கிய கடல் எப்போதும் அடங்கியிருப்பதில்லை. வடகிழக்குப் பருவத்தில் பெண் கடலும் சீறும். 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்ததை நாம் அறிவோம். 2004 டிசம்பர் 26-இல் வந்த ஆழிப்பேரலையிலோ இலங்கை அரணாக நின்றதால், நாகப்பட்டினம் கண்ட பேரழிவு பாக்கு விரிகுடாவின் உட்கரைக்கு நேரவில்லை. திறந்த கரையில் கட்டுமரங்கள் சிதைந்தன. நிவாரணமாக வந்தவற்றுள் பெரும்பாலானவை கண்ணாடியிழைப் படகுகள். கட்டுமரம் அருகியதற்கு அதுவும் ஒரு காரணம்.

விரிகுடாவிற்கு வந்த கேடு வேறு வகையானது. சிறுகலங்களுக்கு வாழ்வளித்த அதே ஆழமின்மையும் சமமான அடித்தரையுமே இழுவலை விசைப்படகுகளையும் அங்கே அழைத்தன. அடித்தரையை வாரிச் செல்லும் வலை, கடற்புல்லையும் மீன்குஞ்சுகளையும் விட்டுவைப்பதில்லை. 1983-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம், கரையிலிருந்து 3 கடல் மைலுக்குள் விசைப்படகுகள் மீன்பிடிப்பதைத் தடுத்தது. வாரத்தில் 3 நாள் விசைப்படகுக்கு, 4 நாள் நாட்டுப்படகுக்கு என்ற பகிர்வும் இங்கே ஏற்பட்டது. கடற்புல்லை மேயும் கடற்பசுவுக்காக 2022-இல் 448 சதுர கிலோமீட்டர் பரப்பு காப்பகமாக அறிவிக்கப்பட்டது. நாட்டுப்படகு மீனவரின் வாழ்வும் அந்தப் புல்லையே நம்பியிருக்கிறது.

திமில், அம்பி, தோணி, பஃறி எனச் சங்க இலக்கியம் மரக்கலங்களைப் பிரித்துப் பெயரிட்டது. நம் வகுப்பறைகளிலோ அவை யாவும் 'படகு' என்ற ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. நெய்தற் பாடலில் ஒரு கலத்தைக் காணும்போது, அது எந்தக் கரை, அங்கே அலை எத்தகையது, எம்மரத்தால் ஆனது என்று மாணவரைக் கேட்கப் பழக்குவோம். கட்டுமரத்தின் பெயரையாவது உலகம் எடுத்துக்கொண்டது. வத்தையின் பெயரை நாம் வைத்துக்கொள்ளாவிட்டால், அதை வைத்துக்கொள்வதற்கு வேறு எவரும் இல்லை.