முயல் எழுந்து நின்றது

பெரியப்பாவுக்கு ஒரு நாளைக்கு ஐந்து வேளை மாத்திரை. காலை 6, 9.30, மதியம் 1, மாலை 4.30, இரவு 8. போன வருஷம் குடலிறக்க ஆபரேஷனுக்காக ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். ஆபரேஷன் முடிந்த மறுநாள், அவருடைய மாத்திரை டப்பாவை வார்டில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். "எட்டு மணி ரவுண்ட்ஸ்ல எல்லாருக்கும் சேர்த்துக் குடுத்துருவோம் சார்" என்றார் சிஸ்டர். அதற்கடுத்த நாள் காலை ஏழரைக்கு நான் போனபோது பெரியப்பா கட்டிலில் மரக்கட்டை மாதிரிக் கிடந்தார். முகத்தில் ஒரு சலனமும் இல்லை. கண் மட்டும் என்னைப் பார்த்தது. "என்ன பெரியப்பா, எந்திரிங்க" என்றேன். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. எட்டே காலுக்கு மாத்திரை கொடுத்தார்கள். ஒன்பது மணிக்கு, "போய் ஒரு காபி வாங்கிட்டு வாடா" என்றார்.

சிஸ்டர் மேல் கோபப்பட்டு என்ன செய்ய? பிரஷர் மாத்திரையை இரண்டு மணி நேரம் தள்ளிப் போட்டால் ஒன்றும் ஆகிவிடாது. இதுவும் அப்படித்தான் என்று நினைத்திருப்பார். ஒரு மனிதன் கை காலை அசைப்பது எப்படி ஒரு கடிகாரத்தை நம்பி இருக்க முடியும்? அந்தக் கேள்வியோடுதான் இந்த வரலாற்றைப் படிக்க ஆரம்பித்தேன். படித்தால், கதை நம் ஊர்ச் செடி ஒன்றிலிருந்து கிளம்புகிறது.

சர்ப்பகந்தா. வைத்தியர்கள் இதன் வேரைப் பித்துப் பிடித்தவர்களை அமைதிப்படுத்தக் கொடுத்து வந்தார்கள். 1931ல் கல்கத்தாவில் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் இருவரும் இது மனநோய்க்கும் ரத்த அழுத்தத்துக்கும் மருந்தாகும் என்று ஒரு மருத்துவ இதழில் எழுதினார்கள். 1949ல் பம்பாயின் ருஸ்தம் ஜால் வக்கீல், ரத்த அழுத்த நோயாளிகளிடம் கண்ட பலனை ஒரு பிரிட்டிஷ் இதழில் வெளியிட, மேற்கு திரும்பிப் பார்த்தது. 1952ல் சுவிட்சர்லாந்தின் சிபா நிறுவனம் அந்த வேரிலிருந்து ரிசர்பின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தது. கொஞ்ச நாளிலேயே உலகமெங்கும் மனநல மருத்துவமனைகளில் ரிசர்பின். ஆனால் அதைச் சாப்பிட்டவர்களில் சிலர் உடல் விறைத்து, முகம் உறைந்து, கை நடுங்க ஆரம்பித்தார்கள். 1817ல் லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் ஆறே ஆறு பேரை வைத்து (அதில் சிலரைத் தெருவில் பார்த்ததோடு சரி) விவரித்த நோயின் அச்சு அசல். வியாதியே இல்லாதவருக்கு ஒரு மாத்திரை அந்த வியாதியைக் கொண்டு வருகிறது! மருந்தை நிறுத்தினால் போய்விடுகிறது.

சுவீடன்காரர் ஆர்விட் கார்ல்சன் 1955ல் அமெரிக்காவில் பெர்னார்ட் பிராடியின் ஆய்வகத்துக்குப் போனது இந்தச் சமயத்தில்தான். ரிசர்பின் மூளையிலிருந்து செரடோனினைக் காலி செய்கிறது என்று பிராடி குழு அப்போதுதான் கண்டுபிடித்திருந்தது. "அட்ரினலின் குடும்பத்தையும் பார்த்துவிடலாமா?" என்று கார்ல்சன் கேட்டார். பிராடிக்கு அதில் ஆர்வமில்லை. ஊர் திரும்பிய கார்ல்சன், லுண்ட் நகரில் சகாக்களோடு தானே பார்த்தார். ரிசர்பின் கொடுத்த முயல்களின் மூளையில் நோர்அட்ரினலினும் காலி.

சரி, காலியானதைத் திரும்ப நிரப்பினால்? நேரடியாகக் கொடுக்க முடியாது. ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே இருக்கும் தடுப்பை அந்தப் பொருள்கள் தாண்டாது. ஆனால் அவை எதிலிருந்து உருவாகின்றனவோ அந்த மூலப்பொருளான டோபா தாண்டும். முயல்கள் அசையாமல், காது தொங்கிக் கிடந்தன. டோபா ஊசி போட்டார்கள். கால் மணி நேரத்துக்குள் முயல்கள் எழுந்து நின்று நடமாடின. 1957 நவம்பரில் 'நேச்சர்' இதழில் வந்த கட்டுரை அவ்வளவு சின்னது, நம்பவே முடியாது.

இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த இடம் வருகிறது. எழுந்து நின்ற முயலின் மூளையைச் சோதித்தால், நோர்அட்ரினலின் திரும்பி வரவே இல்லை. அப்படியானால் முயலை எழுப்பியது எது? டோபாவுக்கும் நோர்அட்ரினலினுக்கும் நடுவே, உற்பத்திப் பாதையில் ஒரு இடைநிலைப் பொருள் உண்டு: டோபமைன். 1910லேயே லண்டனில் செயற்கையாகத் தயாரித்துவிட்டார்கள். ஆனால் அதை யாரும் பெரிதாக மதிக்கவில்லை. பஸ் நின்று போகும் ஸ்டாப் மாதிரி, அங்கே யாரும் குடியிருப்பதில்லை என்று நினைப்பு. கார்ல்சன் குழு அதை அளக்கும் முறையைக் கண்டுபிடித்து அளந்தது. ரிசர்பின் கொடுத்தால் மறைகிறது, டோபா கொடுத்தால் திரும்புகிறது. 1959ல் அதே குழுவினர், அதன் பெரும்பகுதி மூளையின் ஆழத்தில் உள்ள ஸ்ட்ரையாட்டம் என்ற பகுதியில்தான் இருக்கிறது என்று காட்டினார்கள். அசைவோடு சம்பந்தப்பட்ட பகுதி அது.

1960ல் லண்டன் கருத்தரங்கில் இதைச் சொன்னபோது, பெரியவர்கள் நம்பவில்லை. நரம்புகள் ரசாயனத்தால் பேசுகின்றன என்று நிறுவி நோபல் வாங்கிய ஹென்றி டேல், டோபா ஒரு விஷம் என்றே அபிப்பிராயப்பட்டாராம். கார்ல்சன் பிற்காலத்தில் இதைக் கசப்பில்லாமல் நினைவுகூர்ந்திருக்கிறார்.

இந்த டோபா எங்கிருந்து வந்தது? 1913ல் பாசெல் நகரில் மார்க்கஸ் குகன்ஹைம் ஒருவகை அவரைக்கொட்டையிலிருந்து பிரித்தெடுத்தார். தானே இரண்டரை கிராம் விழுங்கிப் பார்த்து வாந்தியெடுத்தார். 1937ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தாமோதரனும் ராமசாமியும் அதே பொருளை இன்னொரு விதையிலிருந்து பிரித்து, ஓர் ஆங்கில உயிர்வேதியியல் இதழில் எழுதினார்கள். பூனைக்காலி! வேலியோரம் படர்ந்து, காயைத் தொட்டால் அரித்தெடுக்குமே, அதே கொடிதான். நம் லேகியக்காரர்கள் ஆண்மைக்கு என்று விற்கும் விதை. ஆக, மூளையைக் காலி செய்யும் வேரும் நிரப்பும் விதையும் இரண்டுமே நம் பக்கத்தில் இருந்தன. இதை வைத்து "எல்லாம் நமக்கு முன்பே தெரியும்" என்று வாட்ஸ்அப்பில் கிளம்பிவிடாதீர்கள். தெரியாது. 1937ல் அந்த இருவருக்கும் அது ஒரு அமினோ அமிலம். டோபமைனுக்கு மூளையில் வேலை உண்டு என்று அப்போது உலகில் எவருக்குமே தெரியாது.

வியன்னாவில் ஓலே ஹார்னிகீவிச் செய்தது அடுத்த காரியம். முயலை விட்டுவிட்டு மனிதனுக்கு வந்தார். பார்க்கின்சன் நோயால் இறந்தவர்களின் மூளைகளை ஹெர்பர்ட் எரிங்கரோடு சேர்ந்து சேகரித்தார். ஸ்ட்ரையாட்டத்தை அரைத்து அயோடின் வினை செய்தால், டோபமைன் இருந்தால் இளஞ்சிவப்பு நிறம் வரும். மற்றவர்களின் மாதிரிகள் சிவந்தன. பார்க்கின்சன் மாதிரிகளில் நிறம் வந்ததா இல்லையா என்றே தெரியவில்லை. கருவியில் வைக்கும் முன்பே வெறும் கண்ணால் விஷயத்தைப் பார்த்துவிட்டார். 1960 டிசம்பரில் அது அச்சானது.

உடனே நோயாளிக்கு டோபா கொடுத்துப் பார்க்க வேண்டுமே? முதியோர் மருத்துவமனையில் இருந்த வால்டர் பிர்க்மையரிடம் கேட்டார். அவருக்கு ஹார்னிகீவிச் மேல் ஒரு பழைய மனஸ்தாபம். தான் கேட்ட உதவியை முன்பு ஒருமுறை செய்யவில்லை என்று. மாதக்கணக்கில் இழுத்தடித்தார். 1961 ஜூலையில்தான் ஊசி போட்டார். உட்காரவே முடியாதவர்கள் எழுந்து நடந்தார்கள். சில மணி நேரம். பிறகு மறுபடியும் படுக்கை. பெரியப்பாவின் அந்தக் காலை நேரத்தை அப்படியே தலைகீழாக ஓட்டிப் பார்த்த மாதிரி இருந்தது எனக்கு.

அமெரிக்காவில் ஜார்ஜ் கோட்சியாஸ் அதை அன்றாட வைத்தியமாக்கினார். மூளையில் டோபமைன் நரம்புகள் கிளம்பும் இடம் கறுப்பாக இருக்கும். நோயாளிகளிடம் அந்தக் கறுப்பு வெளிறிப் போயிருக்கும். கறுப்பு நிறமியைத் திரும்பக் கொண்டு வரலாம் என்பதுதான் அவருடைய ஆரம்ப யோசனை. காரணம் தப்பு, மருந்து சரி. சொட்டுச் சொட்டாக அளவைக் கூட்டி, ஒரு நாளைக்கு 16 கிராம் வரை வாய்வழியே கொடுத்தார். 1967ல் வெளியான அறிக்கையில் 16 பேரில் பாதிப்பேருக்கு நல்ல குணம். 1970ல் அமெரிக்க அரசு மருந்துக்கு அனுமதி கொடுத்தது. ஆலிவர் சாக்ஸ் நியூயார்க்கில் பல்லாண்டு உறைந்திருந்தவர்களை இதே மருந்தால் எழுப்பியதும், எழுந்தவர்கள் கொஞ்ச மாதங்களில் கட்டுப்பாடில்லாத ஆட்டத்திலும் திடீர் முடக்கத்திலும் மாட்டிக்கொண்டதும் 'அவேக்கனிங்ஸ்' படித்தவர்களுக்குத் தெரியும்.

பொருள் திரும்பி வந்துவிட்டது. பின் ஏன் இந்த ஆட்டம்?

டோபமைன் செல் வெறும் தொட்டி இல்லை, மடையும் மடைக்காரரும் சேர்ந்தது. டைரோசினிலிருந்து டோபா செய்யும் முதல் படியிலேயே ஒரு கட்டுப்பாடு: டோபமைன் நிறைய சேர்ந்தால் அதுவே அந்த நொதியை அடக்கும். செய்ததைச் சின்னப் பைகளில் அடைத்து வைக்கும் (ரிசர்பின் நாசம் செய்வது இந்த அடைப்பைத்தான்). தேவைப்படும் நொடியில் திறந்துவிடும், விட்டதை உடனே திரும்ப உறிஞ்சிக்கொள்ளும், வெளியே எவ்வளவு இருக்கிறது என்று மோப்பம் பிடிக்கவும் தனி ஏற்பி. கடைமடையிலிருந்து சேதியும் வரும்: 1963ல் கார்ல்சனும் மார்கிட் லிண்ட்க்விஸ்ட்டும், மனநோய் மருந்துகள் கொடுத்தால் டோபமைன் கழிவு அதிகமாகிறது என்று கண்டார்கள். மருந்து வாங்கும் பக்கத்தை அடைத்துவிடுகிறது. "இங்க தண்ணி வரலையே" என்று தகவல் போக, அனுப்பும் செல் இன்னும் அதிகமாக உற்பத்தி செய்கிறது என்று விளக்கினார்கள்.

இந்த ஏற்பாட்டின் திறமைதான் நோயை மறைத்தும் வைக்கிறது. செல்கள் சாகச் சாக, மிச்சமிருப்பவை கூடுதலாக உழைக்கும். வாங்கும் பக்கமும் காதைத் தீட்டிக்கொள்ளும். ஸ்ட்ரையாட்டத்தின் டோபமைன் சுமார் 80 விழுக்காடு குறைந்த பிறகுதான் கை நடுங்குவது கண்ணில் படும். பெரியப்பா சட்டைப் பொத்தான் போடத் தடுமாறியபோது "வயசாயிடுச்சு" என்று நாங்கள் சிரித்துக்கொண்டிருந்த வருஷம், பெரும்பகுதி ஏற்கனவே போயிருக்கும்.

மாத்திரையின் ஆரம்ப வருஷங்கள் நன்றாக இருப்பதும் இதனால்தான். மிச்ச செல்கள் டோபாவை வாங்கி, அடைத்து, அளந்து விடும். அவையும் குறைந்த பிறகு சேமிக்க இடமில்லை; ரத்தத்தில் டோபா ஏறினால் மூளையில் ஏறும், இறங்கினால் இறங்கும். இன்னொரு விபரீதமும் உண்டு. செரடோனின் நரம்புகளிடமும் டோபாவை டோபமைனாக்கும் நொதி இருக்கிறது. அவை டோபமைனை வெளியிடும், ஆனால் அதற்கான பிரேக் அவற்றிடம் இல்லை. எலிகளில் அந்த நரம்புகளை அகற்றியபோது மருந்தால் வரும் ஆட்டம் அடங்கியது. பெரியப்பா பதினொரு மணிக்கு நாற்காலியில் கொடி மாதிரி நெளிவதை அக்கம்பக்கத்தார் "இப்ப நல்லா சுறுசுறுப்பா இருக்காரே" என்பார்கள். அவருக்கு எரிச்சல் வரும்.

2000ல் கார்ல்சனுக்கு நோபல் கிடைத்தது, ஹார்னிகீவிச்சுக்கு இல்லை. 200க்கும் மேற்பட்ட விஞ்ஞானிகள் கண்டித்துக் கடிதம் எழுதினார்கள். நானும் அவர்கள் கட்சிதான்.

இப்போது மாத்திரையோடு கார்பிடோபாவும் சேர்ந்தே வருகிறது. மூளைக்கு வெளியே டோபா வீணாவதை அது தடுப்பதால் வாந்தி குறைவு, அளவும் குறைவு. ஆனாலும் பருப்பு, முட்டை சாப்பிட்டவுடன் போட்டால் வேலை செய்யாது. புரதத்திலிருந்து வரும் அமினோ அமிலங்களும் டோபாவும் ஒரே வாசலில் இடித்துக்கொண்டு நிற்கும். இதைப் படித்துவிட்டுப் பெரியப்பாவிடம் சொன்னேன். "அதான் மத்தியானம் சாம்பார் சாதம் சாப்ட்டா காலே வரமாட்டேங்குதா" என்றார். பதினொரு வருஷமாக யாரும் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை.

இந்த ஜனவரியில் கண்புரைக்காக வேறொரு ஆஸ்பத்திரி. போகும் முன் பெரியம்மா ஒரு அட்டையில் ஐந்து நேரங்களையும் சிவப்பு மையில் பெரிசாக எழுதி, கட்டில் தலைமாட்டில் தொங்கவிட்டுவிட்டார். டப்பாவைக் கேட்ட சிஸ்டரிடம், "மாத்திரை என் கையிலயே இருக்கட்டும்மா, நீ வேணா பக்கத்துல நின்னு பாத்துக்கோ" என்றார். காலை 6 மணிக்கு அந்தப் பெண் உண்மையிலேயே வந்து நின்றார்.