கான்செர்ட்டோ குரோசோ: இத்தாலிய ராக் இசைத்தட்டும் தமிழ்த் திரையிசைக் கூடமும்

'கான்செர்ட்டோ குரோசோ பெர் ஐ நியூ ட்ரோல்ஸ்' என்பது 1971ஆம் ஆண்டு இத்தாலியில் வெளியான இசைத்தட்டு. ஜெனோவா நகரைச் சேர்ந்த நியூ ட்ரோல்ஸ் என்ற ராக் இசைக்குழுவும், திரைப்பட இசையமைப்பாளர் லூயிஸ் பகலோவும் சேர்ந்து இதை உருவாக்கினர். இத்தாலியில் நன்கு அறியப்பட்ட இத்தட்டின் பெயரைத் தமிழ்நாட்டில் கேள்விப்பட்டவர்கள் குறைவு. ஆனால் இது பிறந்த விதம் தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. வெவ்வேறு இசை மரபுகளைச் சேர்த்துப் பார்க்கும் பட்டறையாகத் திரைப்பட இசைக்கூடம் இத்தாலியில் இருந்தது போலவே கோயம்புத்தூரிலும் சென்னையிலும் இருந்தது.

முற்போக்கு ராக்

1960களின் இறுதியில் இங்கிலாந்தில் சில ராக் குழுக்கள் மூன்று நிமிடப் பாடல் என்ற எல்லையைத் தாண்டின. ஒரு தட்டின் ஒரு பக்கம் முழுவதையும் ஒரே படைப்பாக அமைத்தன. மேற்கத்தியச் செவ்வியல் இசையையும் ஜாஸையும் மின்கித்தாருடன் சேர்த்தன. இந்த வகைக்கு முற்போக்கு ராக் என்று பெயர். 1970களின் தொடக்கத்தில் இது இத்தாலியில் வேரூன்றியது. பிரெமியாட்டா ஃபோர்னெரியா மார்க்கோனி, பாங்கோ, லே ஓர்மே ஆகிய குழுக்கள் தாய்மொழியிலேயே பாடின. ஓபராவும் வயலினும் வளர்ந்த நாடாதலால், செவ்வியல் இசை அவர்களுக்கு வீட்டுச் சொத்தாக இருந்தது.

பெயரின் பொருள்

கான்செர்ட்டோ குரோசோ என்பது 17, 18ஆம் நூற்றாண்டு இத்தாலியில் செழித்த இசை வடிவம். கொரெல்லி, விவால்டி போன்றோர் இதில் பல படைப்புகளை இயற்றினர். சில தனிக்கலைஞர்கள் கொண்ட சிறு குழு ஒருபுறமும், முழு இசைக்குழு மறுபுறமும் மாறி மாறி இசைக்கும். கொங்கு நாட்டு வள்ளிக்கும்மியில் ஆசிரியர் ஓர் அடியைப் பாட, வட்டமாக நிற்பவர்கள் அதை வாங்கிப் பாடுவதை நினைத்துக்கொண்டால் இந்த அமைப்பு எளிதில் விளங்கும். நியூ ட்ரோல்ஸ் தட்டில் சிறு குழுவின் இடத்தில் மின்கித்தாரும் டிரம்ஸும் கொண்ட ராக் குழு அமர்ந்தது.

திரைப்படத்திலிருந்து தட்டுக்கு

அர்ஜென்டினாவில் பிறந்த பகலோவ் இத்தாலியத் திரைப்படங்களுக்கு இசையமைத்து வந்தவர். பிற்காலத்தில் 'இல் போஸ்தினோ' படத்துக்காக ஆஸ்கர் விருது பெற்றார். 1971இல் 'லா வித்திமா தெசிஞ்ஞாதா' என்ற திரைப்படத்துக்காக அவர் அமைத்த இசையே இத்தட்டின் முதல் பக்கத்துக்கு அடிப்படை.

அப்பக்கத்தில் நான்கு பகுதிகள் உள்ளன. முதற்பகுதி விரைவு நடை. இரண்டாவது சோகம் தோய்ந்த மெதுவான நடை. மூன்றாவது பகுதியில் வயலின் தனித்து ஒலிக்கும் இடம் உண்டு. கச்சேரியின் தனி ஆவர்த்தனம் போல, அங்கே மற்றக் கருவிகள் ஒதுங்கி நிற்கும். நான்காவது பகுதி, 1970இல் மறைந்த கித்தார் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸுக்குக் காணிக்கை. ஷேக்ஸ்பியரின் 'ஹாம்லெட்' நாடகத்தில் வரும் புகழ்பெற்ற தனிமொழியின் சொற்களையும் இப்பக்கத்தில் கேட்கலாம். இரண்டாம் பக்கம் முழுவதும் சுமார் 20 நிமிடம் நீளும் ஒரே மனோதர்ம வாசிப்பு.

பகலோவ் இதே வழியில் மேலும் சென்றார். 1972இல் ஒஸான்னா குழுவுடன் 'மிலானோ காலிப்ரோ 9' படத்துக்கு இசையமைத்தார். 1973இல் ரோவெஷோ தெல்லா மெதாலியா என்ற குழுவின் 'கொந்தாமினாத்சியோனே' தட்டில், ஜெர்மானிய இசைமேதை பாக்கின் கருப்பொருள்களை ராக் இசையோடு இணைத்தார்.

கோயம்புத்தூரின் பட்டறை

தென்னிந்தியத் திரைப்படத் தொழிலில் கோயம்புத்தூருக்குத் தனி இடம் உண்டு. 1930களில் தொடங்கப்பட்ட சென்ட்ரல் ஸ்டுடியோவும், பின்னர் வந்த பட்சிராஜா ஸ்டுடியோவும் இங்கே இயங்கின. ஜூபிடர் பிக்சர்ஸின் 'ராஜகுமாரி' (1947), பட்சிராஜாவின் 'மலைக்கள்ளன்' (1954) ஆகிய படங்களுக்கு இசையமைத்தவர் எஸ்.எம். சுப்பையா நாயுடு. பிற்காலத்தில் மெல்லிசை மன்னர் என்று போற்றப்பட்ட எம்.எஸ். விஸ்வநாதன், இளம் வயதில் ஜூபிடர் நிறுவனத்தில் எடுபிடி வேலை பார்த்தபடி அவரிடம் தொழில் கற்றார். கர்நாடக ராகம், நாட்டுப்புற மெட்டு, மேற்கத்திய வாத்தியம் ஆகிய எல்லாமே காட்சிக்குத் தேவைப்பட்டால் பயன்பட்டன. தூய்மை பற்றிய விவாதத்துக்கு அங்கே நேரமில்லை.

பெயரிட முடியாத தட்டு

இத்தாலியத் தட்டுக்கு மிக நெருங்கிய தமிழ்ப் படைப்பு, 1986இல் வெளிவந்த இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்?'. இதற்கு எப்படிப் பெயர் வைப்பது என்ற கேள்வியே அதன் தலைப்பு. பாக்குக்கும் (1685–1750) தியாகராஜருக்கும் (1767–1847) அது காணிக்கையாக்கப்பட்டது. வயலின் வாசித்தவர் வி.எஸ். நரசிம்மன். ஒரு பகுதியில் பாக்கின் தனி வயலின் படைப்பு ஒன்றும் இந்திய மெட்டும் ஒருங்கே நடக்கின்றன.

இங்கே பயணம் எதிர்த்திசையில் நிகழ்ந்தது. பகலோவின் திரையிசை தட்டாக மாறியது. இளையராஜாவின் தட்டு திரைப்படத்துக்குள் நுழைந்தது. நடுத்தர வர்க்கப் பெண் ஒருத்தி வீடு கட்டப் படும் பாட்டைச் சொல்லும் 'வீடு' (1988) படத்தில், பாலு மகேந்திரா இத்தட்டின் இசையையே பின்னணியாகப் பயன்படுத்தினார். படத்தில் பாடல்கள் இல்லை. இத்தட்டைத் தனியாகக் கேட்டிராத பலருடைய காதுகளுக்கு அது அப்படம் வழியாகவே வந்து சேர்ந்தது.

இரு படைப்புகளையும் இணைக்கும் கருவி வயலின். இத்தாலியின் கிரெமோனா நகரில் செம்மையடைந்த அக்கருவி, முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதரால் கர்நாடக இசைக்குள் கொண்டுவரப்பட்டது. இன்று அதை அயல் கருவி என்று எவரும் ஒதுக்குவதில்லை.

முக்கியத்துவம்

திரையிசை செவ்வியல் இசைக்கு ஒரு படி கீழானது என்ற எண்ணம் இத்தாலியிலும் இருந்தது, தமிழ்நாட்டிலும் உண்டு. ஆயினும் மரபுகளை இணைக்கும் பயிற்சி, வாரந்தோறும் புதிய காட்சிக்கு இசை தர வேண்டிய அந்தக் கூடங்களிலேயே கிடைத்தது. அங்கு வாசித்த கலைஞர்களில் பெரும்பாலோரின் பெயர்கள் இசைத்தட்டு உறைகளில் அச்சாகவில்லை. அவர்களுடைய உழைப்பைக் கணக்கில் கொள்ளாமல் எழுதப்படும் இசை வரலாறு முழுமையாகாது.

அறிமுகமற்ற இசையை அணுகும் மாணவர்களுக்கும் இதில் ஒரு வழி கிடைக்கிறது. முதலில் 'ஹவ் டு நேம் இட்?' தட்டில் வயலின் செல்லும் பாதையைக் கவனித்துக் கேட்கலாம். அதன்பின் நியூ ட்ரோல்ஸ் தட்டின் முதல் பக்கத்தைக் கேட்டால், மொழி தெரியாவிட்டாலும் எந்தக் குழு கேட்கிறது, எந்தக் குழு பதில் சொல்கிறது என்பது காதுக்குப் பிடிபட்டுவிடும்.