ஜான்சி ராணி படையும் தோட்டத்துப் பெண்களும்

சிங்கப்பூரின் வாட்டர்லூ தெருவில் 1943 அக்டோபர் 22 அன்று ஒரு பயிற்சி முகாம் திறக்கப்பட்டது. ஆங்கிலேயரிடமிருந்து இந்தியாவை விடுவிக்க ஜப்பானியர் துணையுடன் அமைந்த இந்திய தேசிய இராணுவத்தின் ஓர் அங்கமாக, முழுக்கப் பெண்களையே கொண்டு அமைந்த ஜான்சி ராணி படைப்பிரிவுக்கு உரிய முகாம் அது. துப்பாக்கியேந்தித் தரையில் நின்று போரிடும் காலாட்படையாகவே திட்டமிடப்பட்ட அப்பிரிவில் தாமாக முன்வந்து சேர்ந்தோருள் பலர், மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களில் பால்மரம் வெட்டிப் பிழைத்த தமிழ்ப் பெண்கள்.

1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூரில் ஆங்கிலேயர் ஜப்பானியரிடம் சரணடைந்து இரண்டு நாள் கழித்து, லிட்டில் இந்தியாவை ஒட்டிய ஃபேரர் பார்க் திடலில் இந்தியப் போர்க்கைதிகள் ஜப்பானியரிடம் ஒப்படைக்கப்பட்டனர். அவர்களைக் கொண்டு இந்திய அதிகாரி மோகன் சிங் திரட்டிய முதல் இந்திய தேசிய இராணுவம் அவ்வாண்டு முடிவதற்குள் கலைந்தது. 1943 ஜூலையில் சிங்கப்பூர் வந்து, மீண்டும் திரண்ட அப்படைக்குத் தலைமையேற்ற இந்திய விடுதலைப் போராட்டத் தலைவர் சுபாஷ் சந்திர போஸ், 9ஆம் தேதி பாடாங் திடலில் பெண்கள் படை ஒன்றையும் வேண்டினார். சென்னையில் மருத்துவம் பயின்று சிங்கப்பூரில் தொழில் நடத்திவந்த லட்சுமி சுவாமிநாதன், மூன்றே நாளில் இருபது பெண்களைத் துப்பாக்கியுடன் அணிவகுக்கச் செய்தார்.

ரப்பர் ஏற்றுமதி நின்று கூலியும் அரிசியும் அருகிய காலத்தில், சயாம்–பர்மா இரயில் பாதை வேலைக்குத் தோட்டத் தமிழர்களை ஜப்பானியர் கொண்டுசென்றுகொண்டிருந்த சூழலில், தோட்டத்துப் பெண்கள் படையில் சேர்ந்ததைப் பசிக்கும் அச்சத்துக்கும் பணிந்த முடிவாக மட்டும் கொள்வது அவர்களைச் சிறுமைப்படுத்துவதாகும். தோட்டத்தில் கங்காணி, அதாவது ஆள்திரட்டி வந்து வேலைவாங்கும் மேற்பார்வையாளர், ஏவியதைச் செய்துவந்தவர்களுக்கு, தம் பெயரைத் தாமே பதிந்துகொள்ளும் வாய்ப்பு அரிதினும் அரிது. காக்கிக் காற்சட்டை அணிந்து, துப்பாக்கியும் துப்பாக்கிமுனைக் கத்தியும் பழகி, ரோமன் எழுத்தில் எழுதிய இந்துஸ்தானியில் கட்டளைகளைக் கற்ற அவர்களுக்கு முகாமிலும் ஏற்றத்தாழ்வு நீங்கவில்லை. பதவிகள் கல்வித்தகுதியின்படி பகிரப்பட்டதால், பள்ளி சென்ற நகரத்துப் பெண்கள் மேற்பதவிகளிலும் தோட்டத்துப் பெண்கள் பெரும்பாலும் சாதாரணச் சிப்பாய் நிலையிலும் அமர்ந்தனர்.

1944இல் ஒரு பகுதியினர் பர்மாவுக்குச் சென்று மேமியோவில் தங்கினர். இந்திய எல்லைக்குள் இம்பால் மீது ஜப்பானியருடன் சேர்ந்து நடத்திய தாக்குதல் தோற்றதால் போர்முனைக்கு அனுப்பப்படாமல், காயம்பட்டோரைப் பேணும் பணியில் ஈடுபட்டனர். 1945 ஏப்ரலில் ரங்கூனை விட்டு போஸ் பின்வாங்கியபோது உடன்சென்ற வீராங்கனையர், விமானத் தாக்குதலுக்கிடையே நெடுந்தொலைவு நடந்து தாய்லாந்தை அடைந்தனர்.

படைப்பிரிவின் தலைவியான லட்சுமி பர்மாவில் கைதாகி 1946இல் இந்தியா திரும்பினார். அவருக்கு அடுத்த நிலையில் இருந்த ஜானகி தேவர், அதே ஆண்டில் மலாயா இந்தியன் காங்கிரசைத் தோற்றுவித்தோருள் ஒருவரானார். நினைவுக் குறிப்புகளும் நேர்காணல்களும் பெரும்பாலும் ஆங்கிலம் அறிந்த அதிகாரிகளுடையவையாக இருப்பதால், மீண்டும் பால்மரம் வெட்டப் போன சிப்பாய்களின் சொல் அவற்றில் மிகக் குறைவாகவே பதிவாகியுள்ளது.